அக்குளில் வந்த எருமை

ஃபிளாஸ்க்காரருக்கு வலது கையில் மூன்று விரல்தான். மிச்ச இரண்டும் எங்கே என்று கேட்டால், "அண்ணன்கிட்ட இருக்கு" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அண்ணனும் தம்பியும் ஒரே கசாப்புக்கூடத்தில் கத்தி பிடித்தவர்கள். அப்பா அடித்து அடித்துத்தான் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். வெட்டு கோணினால் முதுகில் பெல்ட் விழும். அதைத் தாங்கித் தாங்கி அண்ணனுக்குக் கை படிந்துவிட்டது. ஒரே இழுப்பில் எருமையின் கழுத்து திறந்துவிடும். கால் உதறல் அடங்கியதும் கத்தியைத் தொடையில் துடைத்து "முடிஞ்சுது" என்பார். அதைச் சொல்லாமல் அடுத்த மாட்டிடம் போகமாட்டார். சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

தம்பி பத்து வருடம் வெட்டிவிட்டு, எருமைகளை ஆராயும் நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்தும் என்ன, தினமும் காலையில் போவது அதே கூடத்துக்குத்தான். அண்ணன் வெட்டிய எருமைகளின் சினைப்பைகளை அறுத்தெடுக்க வேண்டும். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் போட்டு, நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அங்கே டாக்டரம்மா அவற்றிலிருந்து முட்டைகளை ஊசியால் உறிஞ்சி, விந்து சேர்த்து, கண்ணாடித் தட்டில் கரு வளர்ப்பார். சூடு குறைந்தால் முட்டை செத்துவிடும். அதனால் ஃபிளாஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பேருந்தில் உட்காருவார். பக்கத்து சீட்டுக்காரர்கள் டீ கேட்பார்கள்.

ஆறு வருடமாக அண்ணன் அதைக் கழிவு என்று நினைத்துத்தான் கொடுத்துவந்தார். தோல் வாங்க வந்த ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நீங்க வெட்டுறதை உங்க தம்பி திரும்பப் பொறக்க வைக்கிறாராமே" என்று போட்டுக்கொடுத்தான். அன்றிலிருந்து அண்ணனுக்கு முகமே சரியில்லை.

அந்த வாரம்தான் நிலையத்தின் நாற்பத்தொன்றாம் எண் எருமை ஈரத்தரையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டது. அதற்கு ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெள்ளை. ஒன்பது வருடம் கறந்தும் ஒருமுறைகூட மடிநோய் வரவில்லை. எந்த மரபணு அதைக் காப்பாற்றுகிறது என்று டாக்டரம்மா நான்கு வருடமாக அதன் ரத்தத்தைக் குடைந்துகொண்டிருந்தார். அது ஈன்றதெல்லாம் கடா. அது போனால் மடிநோய் வராத அந்தப் பெண்வழியே போச்சு. டாக்டரம்மா வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்து, அலுவலகத்துப் புண்ணியவான்கள் கையெழுத்துப் போட்டு அதைக் கசாப்புக்கு லாரி ஏற்றிவிட்டார்கள்.

ஃபிளாஸ்க்காரருக்கு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. "ரெண்டு பையும் எனக்கு வேணும். வேற மாட்டோடதுல கலந்துடாதீங்க. நான் கிளம்பிட்டேன், நேரா லேபுக்கு வந்துடுறேன்."

அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நாற்பத்தொன்று தரையில் கிடந்தது. அண்ணன் எப்போதும் மாட்டின் கண்ணைப் பார்க்கமாட்டார். அன்று அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்துத் தொலைத்துவிட்டார். கை கோணியது. கழுத்து பாதிதான் திறந்தது. மாடு கத்திய கத்தலில் கூடமே நின்றுவிட்டது. இரண்டாவது இழுப்பு எலும்பில் பட்டது. மூன்றாவதில் ரத்தம் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. முப்பது வருடத் தொழிலில் அவருக்கு அப்படி நடந்ததே இல்லை.

உதறல் நின்ற நொடியே தம்பி வயிற்றைக் கிழித்துக் கையை உள்ளே விட்டார்.

"டேய், எடுறா கையை."

"தினம் எடுக்கிறதுதானே அண்ணே. தள்ளு."

"தினம் நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். நான் வெட்டுனா அதோட போகணும். போனதைத் திருப்பிக் கூட்டிட்டு வராத."

"நாலு மணி நேரம்தான் இருக்கு. அப்புறமா அடிச்சுக்கலாம்." தம்பி இரண்டு சினைப்பைகளையும் அறுத்து இடது கைக்குள் பொத்திக்கொண்டார்.

அண்ணன் ஃபிளாஸ்க்கை எட்டி உதைத்தார். உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. தம்பிக்குக் கண் மண் தெரியவில்லை. தலையால் முட்டியதில் அண்ணனின் மூக்கு உடைந்தது. இருவரும் ரத்தத்தில் வழுக்கி, குடலின் மேல் விழுந்து புரண்டார்கள். அண்ணன் ஒரு கையால் தம்பியின் கழுத்தை நெரித்தார். மறு கையில் கத்தி இருந்ததை இருவருமே மறந்திருந்தார்கள். தம்பி வலது கையால் தடுத்தார். இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. இடது கை மட்டும் சினைப்பைகளை விடவில்லை.

அண்ணன் கத்தியைப் போட்டுவிட்டு, விழுந்து கிடந்த விரல்களைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தோல் உரிப்பவர் ஓடிவந்தார். "விரலை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சீக்கிரம் போனா தைச்சுடுவாங்க."

ஆஸ்பத்திரி ஒரு திசை, ஆய்வகம் எதிர்த்திசை. ஃபிளாஸ்க்காரர் யோசித்தது ஒரு மூச்சு நேரம். உடைந்த ஃபிளாஸ்க்கில் மிஞ்சிய வெதுவெதுப்பான தண்ணீரோடு இரண்டு சினைப்பைகளையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பல்லால் முடிச்சிட்டு, சட்டைக்குள் இடது அக்குளில் இடுக்கிக்கொண்டார். வெட்டுப்பட்ட கையில் துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏறினார்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"லேபுக்கு."

"பைத்தியமா சார் உங்களுக்கு?"

"ஆமா. வேகமாப் போங்க."

டாக்டரம்மா பையை வாங்கியதும் முதலில் வெப்பமானியைத்தான் பார்த்தார். "சூடு சரியா இருக்கு" என்றார். பிறகுதான் தரையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்து அலறினார். அதற்காக அவர்மேல் ஃபிளாஸ்க்காரருக்குக் கோபமே இல்லை. இவரும் அதைத்தான் முதலில் கேட்க நினைத்திருந்தார்.

ஒன்பது முட்டை கிடைத்தது. மூன்று கருவானது. வேறொரு எருமையின் வயிற்றில் ஒன்று தங்கியது. பத்து மாதம் கழித்துப் பிறந்தது பெண்கன்று. ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெள்ளை.

இந்தப் பத்து மாதமும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் அதன்பிறகு கத்தியைத் தொடவில்லை. கூடத்தில் தரை கழுவினார். சோறு சரியாக இறங்கவில்லை என்று அண்ணிதான் அவரை நிலையத்துக்கு இழுத்துவந்தார்.

கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றார். கன்று திரும்பியது. வெள்ளைக் கண் அவரையே பார்த்தது. இந்த முறை அவர் பார்வையை எடுக்கவில்லை. கண்ணீர் உடைந்த மூக்கின் வழியே கோணலாக வழிந்தது.

"விரலை என்ன பண்ணே?" என்றார் தம்பி.

"கூடத்துக்குப் பின்னாடி புதைச்சிட்டேன்."

அண்ணன் தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நீ வந்து பாஞ்சதுல, முடிஞ்சுதுன்னு நான் சொல்லவே இல்லடா."