லிஃப்ட்காரர் வீட்டு ஜன்னல்

மாலை ஆறரை மணிக்குத் தன் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியின் சுவிட்சை இரண்டு தடவை அழுத்துகிறார் லிஃப்ட்காரர். மணி அடிக்காது. உள்ளே கூடத்திலும் சமையலறையிலும் ஒரு மஞ்சள் பல்பு இரண்டு தடவை மின்னும். அவர் மனைவிக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலோடு காது போய்விட்டது. கல்யாணமான வாரமே இவர் மணியைக் கழற்றிவிட்டுப் பல்பை மாட்டினார். பல்பு மின்னியதும் மனைவி படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது இந்த நோய்க்காலத்துச் சட்டம். அதற்காக இவர் வெளியே நின்று நூறு வரை எண்ணுகிறார். வாய்விட்டே எண்ணுகிறார். மாடிப்படியில் தேநீரோடு உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கும். எழுபதைத் தாண்டினால் வேகம் கூடிவிடும், நடுவில் இரண்டு மூன்று எண்கள் காணாமலும் போகும். நூறு ஆனதும் செருப்பு வெளியே, சட்டை சோப்பு வாளிக்குள், ஆள் பின்பக்கக் குளியலறைக்குள்.

அவர்கள் வீட்டு மாடியில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத வாடிக்கையாளர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பது என் பிழைப்பு. அது இப்போது வீட்டிலிருந்தே நடப்பதால் கீழே நடப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வேவு பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்கப் போவதில்லை.

லிஃப்ட்காரருக்கு ஐம்பத்தாறு வயது. ஒல்லி, நெட்டை. பழுதான லிஃப்டைச் சரிசெய்து, சரியாக இருக்கும் லிஃப்டை மாதம் ஒருமுறை தட்டிக்கொட்டிப் பார்த்துவிட்டு வருவது வேலை. கிரீஸ் வாசனை எந்தச் சோப்புக்கும் அடங்கியதில்லை. சட்டைப்பையில் ஒரு டெஸ்டரும், லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவியும் எப்போதும் இருக்கும். பேசும்போது அந்தச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே பேசுவார். எந்த அறைக்குள் போனாலும் முதலில் தலைகளை எண்ணுவார். எட்டுக்கு மேல் இருந்தால் உட்காரமாட்டார், சுவரோரமாகவே நின்றுவிட்டு வந்துவிடுவார்.

“லிஃப்டுன்னாலே எல்லாருக்கும் கயிறு அறுந்துடுமோன்னுதான் பயம்” என்பார். “முப்பது வருஷத்துல ஒரு கயிறு அறுந்து நான் பாத்ததில்ல. விழுந்தவன் பூரா கதவைத் தெறந்தவன்தாம்மா. கயிறு ஒண்ணும் பண்ணாது. கதவுதான் ஆளைத் தின்னும்.”

இப்படிப்பட்டவர் வீட்டு முன்னறைதான் எங்கள் தெருவிலேயே அதிகமாகத் திறந்துமூடிய கதவைக் கொண்டது. அங்கே அவர் மனைவி பெண்களுக்கு முடி வெட்டினார். பார்லர் அக்கா என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். ஒரு நாற்காலி, சுவர் நிறைய ஒரு கண்ணாடி. அக்கா நம் முதுகுக்குப் பின்னால் நின்று வெட்டுவார். நாம் பேசுவதைக் கண்ணாடியில் தெரியும் நம் உதட்டிலிருந்து படிப்பார். அப்பா, அம்மா இரண்டும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்குமாம், முகத்தைப் பார்த்து எதுவென்று கண்டுபிடிப்பாராம். திட்டினால் அது அப்பா என்று சொல்லிச் சிரிப்பார். கத்தரி ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். தெருவில் காது கேட்கிற எங்கள் யாரையும்விட அவருக்குத்தான் அதிகச் செய்தி தெரியும்.

ஊரடங்கு வந்த அன்றே நாற்காலியின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார் லிஃப்ட்காரர். பிறகு எல்லாக் கடைகளும் மெல்லத் திறந்தபோதும் அந்தப் போர்வை எடுக்கப்படவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அக்கா நுரையீரலில் சளி கட்டிப் பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். அந்தப் பதினோரு நாளும் இவர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எனவே யார் வந்து கதவைத் தட்டினாலும் பதில் ஒன்றுதான்.

“நான் ஒருத்திதானே அண்ணா, பத்தே நிமிஷம். முடி கண்ணை மறைக்குது” என்று நானும் போய் நின்றேன், வெட்கமில்லாமல்.

“ஒரே ஒரு ஆள்தானேன்னு கடைசியா ஏறுற ஆளுக்குத்தாம்மா லிஃப்டு கத்தும்” என்றார். “முன்னாடி ஏறுன எட்டுப் பேரையும் அது ஒண்ணும் சொல்லாது.”

எனக்குக் கோபம் வந்தது. மனிதரா, எடை பார்க்கும் இயந்திரமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மாடியேறினேன்.

ஆனால் மற்றவர்களுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பராமரிக்கும் லிஃப்டுகளில் இரண்டு ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. அவற்றை நிறுத்த முடியாது. அதனால் தன்னைத்தான் முதல் ஆபத்து என்று முடிவு செய்து, வீட்டுக்குள்ளும் முகக்கவசத்தோடு இருந்தார். கூடத்தில் தனிப் பாய், தனித் தட்டு. சாப்பிடுவதும் பின்பக்கம் தனியாக. மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சர்வீஸ் சீட்டின் பின்பக்கம் எழுதி மேசைமேல் வைப்பார். அந்தச் சீட்டுகளில் ஒன்றிரண்டை நான் பார்த்தேன். ‘சாப்பாடு: நன்று. மருந்து: எடுக்கப்பட்டதா? மின்விசிறி: சத்தம், ஞாயிறு பார்க்கப்படும்.’ கட்டிய மனைவிக்கு இப்படி எழுத அவர் ஒருவரால்தான் முடியும்.

ஒருநாள் துணி காயப்போட மொட்டைமாடிக்கு வந்த அக்காவிடம், முகக்கவசத்தோடு தள்ளி நின்று, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன். என் வாயிருந்த இடத்தையே பார்த்துவிட்டு, “ஆமா” என்றார். அவருக்குக் கிட்டப்பார்வை வேறு. நாலடி தள்ளினாலே உதடு தெரியாது. வீடியோ அழைப்பும் தோற்றுப்போயிருந்தது, படம் நின்று நின்று வந்ததில் உதடு பாதி வார்த்தையை விழுங்கிவிட்டது. மறுவாரம் அவர்கள் வாசலில் காய்கறிப் பையை வைக்கப் போனபோது, திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன். அக்கா நாற்காலியின் போர்வையை விலக்கி உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. பேசுகிற ஒரு வாயையாவது பார்க்க வேண்டும் என்பதற்காகத் தன் உதட்டையே படித்துக்கொண்டிருந்தார். பையை வைத்துவிட்டு மாடிக்கு வந்து அழுதேன். அன்று நான் யாரிடமும் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் டீச்சரம்மா சொல்லியனுப்பினார். இருபது வருடமாக மாதாமாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். அக்காவுக்கு வாடிக்கையாளர் என்பதைவிட உடன்பிறந்தவர் மாதிரி. வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு இருக்க ஒரேயடியாகப் போகிறார். போவதற்கு முன் ஒரு மணிநேரம் உள்ளே வந்து பேசிவிட்டுப் போக வேண்டும் என்றார். முகக்கவசத்தோடு வந்தால் பயனில்லை. முகக்கவசம் இல்லாமல் வந்தால் லிஃப்ட்காரருக்கு உயிர் போய்விடும்.

மாட்டேன் என்று எழுதி மேசையில் வைத்தார் போலிருக்கிறது. அக்காவின் குரல் தெருமுனை வரை கேட்டது.

“ஏங்க, என்னைக் காப்பாத்தறீங்க, சரி. யாருக்காகக் காப்பாத்தறீங்க? எனக்குன்னு இங்க யாருமே இல்லையே! நீங்களும் ஒரு துணியாத்தானே நடமாடறீங்க!”

லிஃப்ட்காரர் வெளியே வந்து, எனக்கு நாலு படி கீழே உட்கார்ந்தார். சாவியைச் சுழற்றவில்லை.

“நீங்க சொல்லுங்கம்மா. விடலாமா?”

இரண்டு மாதமாக நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாதங்கள் என்னிடம் ஏராளம். ஒன்றை எடுத்து வைப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

“அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுல ஸ்ட்ரெச்சர் மேல போறதைப் பாக்கறேன்” என்றார். “சிலது கீழ வரும்போது முகத்தை மூடிட்டு வருது. நான் ஓரமா ஒதுங்கி நிக்கறேன். உங்க அக்காவை அப்படி வச்சு யோசிச்சா வேல ஓடமாட்டேங்குது. யோசிக்காமயும் இருக்க முடியல. அவ சொல்றதும் நியாயந்தான். ஆளும் இருக்கணும், பேச்சும் இருக்கணும்னா நான் எங்கம்மா போவேன்?”

“எனக்குத் தெரியலண்ணா” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இத்தனை நாள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. முடிவெடுக்க வேண்டியது நாமல்ல என்கிறபோது தைரியம் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, பிளேடால் எதையோ சுரண்டும் சத்தம். எட்டிப் பார்த்தேன். முன்னறையின் பக்கவாட்டு ஜன்னலில் பெரிய ஒற்றைக் கண்ணாடி ஒன்று உண்டு. திறக்கமுடியாத கண்ணாடி. பெண்கள் வந்துபோகும் இடம் என்பதால் அதில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார். மாடிப்படியோரமாக நின்று அதைத்தான் உரித்துக்கொண்டிருந்தார். இவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

“என்னண்ணா இது?”

“நேத்து கடைத்தெருவுல ஒரு கண்ணாடி லிஃப்டும்மா. நான் உள்ள மாட்டிக்கிட்டு வேல பாக்கறேன். வெளிய நம்ம கூட்டாளி என்னமோ வாயை வாயைத் தெறக்கறான். எனக்கு ஒரு எழவும் கேக்கல. என்னடா, என்னடாங்கறேன். அப்பத்தான் பொறி தட்டுச்சு.” கையிலிருந்த பிளேடு நின்றது. “அந்த எடத்துல உங்க அக்கா நின்னிருந்தா முழுசாக் கேட்டிருப்பா. இத்தன நாளா நான் கதவையே பாத்துட்டு இருந்துட்டேன்மா.”

பதினோரு மணிக்கு டீச்சரம்மா வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி, உள்ளே ஒரு நாற்காலி, நடுவே துடைத்துப் பளபளக்கும் கண்ணாடி. லிஃப்ட்காரர் ஆறடி தள்ளி நின்றுகொண்டு, “மாஸ்கைக் கழட்டிடுங்க” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதேயில்லை.

டீச்சரம்மா வகுப்பெடுத்த தொண்டையில், “எப்படிம்மா இருக்கே!” என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

“டீச்சர், டீச்சர், சத்தம் எதுக்கு? அவளுக்கா கேக்கப்போவுது? வாயை மட்டும் அசைங்க போதும்.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீச்சரம்மா சத்தமில்லாமல் பேசினார், கண்ணைத் துடைத்தார், தலையைத் திருப்பித் தானே வெட்டிக்கொண்ட பின்முடியைக் காட்டினார். உள்ளே அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். அவர் பேசியது மட்டும் கண்ணாடியைத் தாண்டி மங்கலாக வந்தது. குரல் இறங்கும்போதெல்லாம் லிஃப்ட்காரர் உள்ளங்கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார், சத்தமாக, இன்னும் சத்தமாக என்று. “பின்னாடி எலி கடிச்சாப்ல இருக்கு டீச்சர்!” என்று அக்கா கத்தியது எதிர்வீடு வரைக்கும் கேட்டது. ஒரு மணிநேரம் ஒன்றரை மணிநேரமானது. லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை.

டீச்சரம்மா எழுந்து, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். லிஃப்ட்காரர் அந்த நாற்காலியை மருந்து தெளித்துத் துடைத்தார், கால், கைப்பிடி, முதுகு எல்லாம். தூக்கிக்கொண்டு போகத் திரும்பியபோது அக்கா உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினார். நாற்காலியைக் காட்டினார். அவரைக் காட்டினார்.

அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார், நான் சுவரை ஆராய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்து, தொண்டையைச் செருமி, என்னவோ சொன்னார். நீளமாகவே சொன்னார். நான்கு மாதமாகச் சீட்டில் எழுத முடியாமல் தேங்கிக் கிடந்ததெல்லாம் வருகிறது என்று தோன்றியது.

அக்கா கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியோடு நெற்றி ஒட்டும்படி நெருங்கினார். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார்.

அப்போதுதான் நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். நான்கு மாதமாக யார் கண்ணிலும் படாத மீசை இஷ்டத்துக்கு வளர்ந்து கீழுதடு வரை தொங்கியது. வாரம் ஒருமுறை அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, மேலுதடு முழுதாகத் தெரியும்படி அக்கா அதைக் கத்தரித்துவிடுவார் என்பது தெருவுக்கே தெரியும். இப்போது அந்த உதட்டைக் காணோம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட உள்ளே போய்ச் சேரவில்லை.

அக்கா இரண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைத்துக் காட்டினார். லிஃப்ட்காரர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். காது வரை சிவந்துபோனார்.

“ஏம்மா, உங்ககிட்ட கத்தரி இருக்கா?”

பால் பாக்கெட் வெட்டும் கத்தரியை ஓடிப்போய் எடுத்துவந்து கடைசிப் படியில் வைத்தேன். அவர் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் குனிந்தார். உள்ளே அக்கா கண்ணாடியின் மேல் விரலை வைத்து, அவருடைய மேலுதட்டுக்கு நேராக, இடமிருந்து வலமாக மெதுவாக ஒரு கோடு இழுத்தார். அந்த விரல் போகிற வழியிலேயே அவர் வெட்டிக்கொண்டு போனார்.