காணிக்காரர் பக்கம் இடமில்லை

போர் முடிந்து, உயிலங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பிய வருடம், தகரக் கொட்டிலுக்குள் இருந்து வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பாடம், ஜார் மன்னர் காலத்து ரஷ்ய மாகாணங்களின் உள்ளூராட்சிச் சட்டம். நான் சத்தமாக வாசிப்பவன் என்பதால் என் மனைவிக்கும் அது பாடமாகிவிட்டது.

அப்போதுதான் ஊர் அபிவிருத்திச் சங்கத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தது. இரண்டு கூட்டங்கள் சண்டையில் கலைந்தன. அடுத்த கூட்டத்தில் நான் எழும்பினேன்.

“ரஷ்யாவில காணிக்காரர், பட்டணத்தார், கிராமத்துக் குடியானவர் எண்டு மூண்டு பகுதியாப் பிரிஞ்சு, தங்கடை ஆக்களைத் தாங்களே தெரிஞ்செடுத்தவை. நாங்களும் பகுதிக்கு மூண்டு பேர் வரைக்கும் எடுப்பம்.”

அலுத்துப்போயிருந்த சனம் ஒத்துக்கொண்டது. “காணிக்காரர் இடப்பக்கம் வாங்கோ” என்றேன். கூட்டம் முழுவதும் இடப்பக்கம் போய்விட்டது. ஒரு பரப்புக் காணிகூட இல்லாத என் சித்தப்பாதான் முன்வரிசை.

“சித்தப்பா, உங்களுக்கு ஏது காணி?”

“காணி உறுதிப் பத்திரம் எரிஞ்சு போச்சு. இல்லையெண்டு நீ நிரூபி பாப்பம்!”

பட்டணத்தார் பகுதிக்குத் தேத்தண்ணிக் கடைக்காரர் மட்டும் போனார். தன்னைத் தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, கையும் தட்டினார். குடியானவர் பக்கம் ஈ எறும்பு இல்லை.

பின்னால் நின்ற என் மனைவி அங்கே போய் இருந்தாள். “என்னட்டைக் காணி இல்லை” என்றவள், இன்னும் இரண்டு பெண்களைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். போட்டியில்லாமல் மூன்று இடமும் நிரம்பின.

காணிக்காரர் தங்கள் மூன்று இடத்துக்குப் பொழுதுசாயும்வரை தங்களுக்குள் பிடுங்குப்பட்டார்கள். அதற்குள் பெண்கள் கடைக்காரரோடு பேசி முடித்துவிட்டார்கள். ஏழு பேரில் நான்கு பேர் கை உயர்த்த, என் மனைவி தலைவியானாள்.

“இது செல்லாது! ரஷ்யாவில காணிக்காரரின்ரை கைதானே ஓங்கி இருந்தது?” என்று சித்தப்பா கத்தினார். அதுவும் நான் வாசித்ததைக் கேட்டுப் பொறுக்கியதுதான்.

“அங்கை ஆளுநர் மறிச்சால் ஒண்டும் நடக்காது, மாமா. நாங்களும் பிரதேச செயலகத்தில கேப்பம்” என்றாள் அவள்.

கந்தோரில் இருந்த அதிகாரி, “பொம்பிளையள் இல்லாத சங்கம் வேண்டாமெண்டு மேலை இருந்து ஒரே ஆக்கினை. நல்லதாப் போச்சு” என்று உடனே ஒப்பமிட்டார்.

வயல் வீதியைத் திருத்துவதுதான் முதலில் என்று காணிக்காரர் நின்றார்கள். போரில் பாழடைந்த பொதுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவதென்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முடிவானது. வரவே மாட்டேன் என்ற சித்தப்பா, விடியமுன்னமே கயிறும் வாளியுமாக வந்து எல்லாரையும் அதட்டி வேலை வாங்கினார். ஊறிய தண்ணீரை முதலில் குடித்தவரும் அவர்தான்.

“கொஞ்சம் உவர்” என்றார். பிறகு செம்பை இன்னொரு தரம் நீட்டினார்.