காற்று குறைந்த மூன்று நாள்

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்பவர்களிடம் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: கழிவுநீர்த் தொட்டிக்குள் எவ்வளவு காற்று ஊத வேண்டும் என்பதை ஒரு ப்ரோக்ராம் தானாக முடிவு செய்யவேண்டும். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு முப்பத்தொரு வயதில் இதற்காகவா பிஎச்டி சேர்ந்தாள் என்று சொந்தக்காரர்கள் நினைத்திருப்பார்கள். அம்மா மட்டும், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்று முடித்துவிடுவாள்.

பெங்களூரில் பெரிய அபார்ட்மென்ட் என்றால் அதன் அடித்தளத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். எஸ்டிபி என்பார்கள். எல்லா வீட்டுக் கழிவுநீரும் அங்கே ஒரு பெரிய தொட்டிக்கு வரும். அந்தத் தொட்டியில் அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதற்காக ப்ளோயர் என்கிற இயந்திரம் நாள் முழுக்கக் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். காலையில் எல்லோரும் குளித்துத் துவைக்கும்போது நிறையக் காற்று தேவை. மதியம் அதில் பாதிகூட வேண்டாம். ப்ளோயருக்கு அதெல்லாம் தெரியாது. ஒரே வேகத்தில் ஓடி மின்சாரத்தைத் தின்னும். தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை ஒரு சென்சார் வைத்து அளந்து, அடுத்த சில மணி நேரத்தில் எவ்வளவு கழிவு வரும் என்று கணித்து, அதற்கேற்ப ப்ளோயரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் என் ப்ரோக்ராமின் வேலை.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு வருடம் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. என் தொட்டி கணிதத்தால் ஆனது. அதில் நாற்றமும் கிடையாது. ஆனால் நிஜமான நிலையத்தில் ஓட்டிக் காட்டினால்தான் கட்டுரை எடுபடும் என்று என் கைடு சொல்லிவிட்டார். ஏழெட்டு அபார்ட்மென்ட்களில் ஏறி இறங்கினேன். கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒன்றில் சங்கச் செயலாளர் சம்மதித்தார். அவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர். "நம்ம பொண்ணு ரிசர்ச் பண்றேங்கறா, பண்ணட்டுமே" என்று கமிட்டியில் பேசி அனுமதி வாங்கிக்கொடுத்தார்.

அங்கே பகல் ஷிப்ட் ஆபரேட்டருக்கு என் வயதுதான் இருக்கும். தருமபுரிப் பக்கத்துக்காரர், ஆனேக்கல்லில் குடும்பத்தோடு இருந்தார். பொம்மசந்திராவில் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, ஒரு காண்ட்ராக்டர் மூலம் இங்கே சேர்ந்தவர். நான் அவரை அண்ணா என்றேன், அவர் என்னை மேடம் என்றார். சென்சாரை இறக்கி, பேனலில் என் சின்னக் கம்ப்யூட்டரை மாட்டிய அன்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் மாதம் முழுக்க எனக்கு எரிச்சல்தான். மதியம் ப்ளோயர் வேகம் குறையும்போதெல்லாம் அவர் பேனலில் இருக்கும் சுவிட்சைத் திருப்பி மேனுவலுக்கு மாற்றிவிடுவார். ப்ரோக்ராமின் கட்டுப்பாடு அறுந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் என் வரைபடத்தில் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டை. ஒரு வாரத்தில் முழுதாக ஒரு நாள்கூடத் தேறவில்லை. நேரில் போய்க் கேட்டேன்.

"அண்ணா, ஏன் மாத்தறீங்க? அது கணக்குப் போட்டுத்தான் கொறைக்குது."

"சத்தம் கொறஞ்சா எனக்கு பயமா இருக்குது மேடம்."

"ஆக்சிஜன் சரியா இருக்குன்னு ஸ்க்ரீன்ல வருதே."

"வருது. ஆனா தண்ணி கெட்டுப் போனா யாரக் கேப்பாங்க? ஸ்க்ரீனையா கேப்பாங்க?"

"என்னைக் கேப்பாங்க. நான் பதில் சொல்றேன்."

அவர் சரியென்று தலையாட்டினார். மறுநாளும் மாற்றினார். அதற்கு அடுத்த நாளும். நான் செயலாளரிடம் போனேன். டேட்டா வீணாகிறது, இப்படியே போனால் என் ஒரு வருடம் போய்விடும் என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தச் சுவிட்சுக்கு ஒரு பூட்டு போடச் சொன்னார். சாவி அவரிடமே இருந்தது. ஆபரேட்டர் பூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்து வேலை இருப்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்து வாரம் வரைபடத்தில் ஓட்டையே இல்லை. சென்சார்மேல் பாசிபோல் படியும் என்பதால் வாரம் இரண்டு முறை அதை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். அதற்கு ஒரு தாளில் முறையை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதன் கடைசி வரி, சொன்னதைத் தவிர வேறு எதையும் யாரும் தொடக்கூடாது என்பது. ஆபரேட்டர் அந்தத் தாளில் இருந்தபடியே செய்துவந்தார்.

திங்கட்கிழமையும் விடுமுறையாக வந்த ஒரு வாரக் கடைசி. சித்தி மகள் கல்யாணத்துக்காக வெள்ளிக்கிழமை காலை வேலூருக்குப் பஸ் ஏறினேன். மதியம் ஃபோனில் வரைபடத்தைத் திறந்தால், வழக்கமாக இரண்டில் நிற்கும் ஆக்சிஜன் ஏழுக்குமேல் போயிருந்தது. ப்ளோயர் மிகக் குறைந்த வேகத்துக்கு வந்திருந்தது. என் ப்ரோக்ராம் அதுவரை இவ்வளவு மின்சாரம் மிச்சப்படுத்தியதே இல்லை. லாங் வீக்கெண்ட், பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், கழிவு குறைந்திருக்கிறது, அதனால் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்தத் திரையைப் படம் பிடித்துக் கைடுக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினார்.

சனிக்கிழமை மதியப் பந்தியில் உட்காரும்போது ஆபரேட்டர் கூப்பிட்டார்.

"மேடம், ப்ளோயர் சத்தமே இல்ல. ரொம்ப ஸ்லோவா ஓடுது."

"ஆமாண்ணா. ஜனம் இல்லல்ல, அதான் கொறச்சிருக்கு."

"தண்ணி கலர் மாறுது மேடம்."

"ஆக்சிஜன் ஏழுக்கு மேல இருக்கு. நான் இங்கருந்தே பாக்கறேன். நீங்க கைவைக்காதீங்க."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். நான் இலையில் உட்கார்ந்து பாயசம்வரை நிதானமாகச் சாப்பிட்டேன்.

சேறும் கழிவும் நிறைந்த ஒரு தொட்டியில், காற்று கொஞ்சமாகப் போகும்போது ஆக்சிஜன் ஏழுக்குமேல் இருக்க வழியே இல்லை. எங்கள் துறையில் முதல் வருட மாணவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அந்த எண் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் பதற்றம் இருந்தது.

"நாத்தம் தாங்கல மேடம். தண்ணி கருப்பாயிடுச்சு. சுவிட்சு பூட்டியிருக்குது. சாவி கேக்கலாம்னா சார் மைசூர் போயிருக்காரு."

அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. "அண்ணா, சென்சார் தண்ணிக்குள்ள இருக்கான்னு பாருங்க" என்றேன்.

அவர் நடந்து போகும் சத்தம் கேட்டது. "மேடம், மேல கம்பியில தொங்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அதைக் கழுவ எடுத்தபோது போர்வெல் மோட்டார் நின்றுவிட்டதென்று கேட்டில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அதையும் அவர்தான் பார்க்கவேண்டும். சென்சாரைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டு ஓடியவர் மறந்துபோனார்; அது தொங்கிய மூலைப் பக்கம் பிறகு அவர் போகவில்லை. மற்ற ஷிப்ட்காரர்கள் அது தொங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். மேடம் ஏற்பாடு என்று விட்டுவிட்டார்கள். யாரும் எதையும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டியவள் நான்தானே. மூன்று நாளாக என் ப்ரோக்ராம் அந்த அறையின் காற்றில் இருந்த ஆக்சிஜனை அளந்து, தொட்டியில் ஏராளமாக இருக்கிறது என்று நம்பி, ப்ளோயரை அடக்கி வைத்திருந்தது. ஆபரேட்டர் சென்சாரைத் தண்ணீரில் போட்டதும் ப்ளோயர் முழு வேகத்துக்குப் போனது. அதற்குள் தொட்டியில் இருந்த உயிர் பெரும்பாலும் செத்துவிட்டது.

திங்கட்கிழமை நான் போய் இறங்கியபோது லிஃப்ட்வரை நாற்றம் வந்திருந்தது. சுத்திகரித்த தண்ணீர்தான் எல்லா வீட்டுக் கழிப்பறைக்கும் போகிறது. ஃப்ளஷ் செய்தால் கருப்பாக வந்தது. தொட்டியைப் பாதி காலி செய்து, இன்னொரு அபார்ட்மென்ட்டில் இருந்து நுண்ணுயிர் உள்ள நல்ல சேற்றை டேங்கரில் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் தெளிய மூன்று வாரம் ஆனது.

புதன்கிழமை மாலை க்ளப் ஹவுஸில் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்றேன். சென்சார் காற்றில் இருக்கிறதா தண்ணீரில் இருக்கிறதா என்று ப்ரோக்ராம் சோதித்திருக்க வேண்டும். அதை நான் எழுதவில்லை. ஆபரேட்டர் ஃபோனில் எச்சரித்தும் நான் கேட்கவில்லை. அவரைத் தடுத்த பூட்டும் என்னால் வந்ததுதான். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், "அப்போ சென்சாரை வெளிய எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"கழுவ எடுத்தது ஆபரேட்டர். ஆனா..."

"அதான் கேட்டேன்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கன்னடம் கலந்த தன் தமிழில் சொன்னார். "நீங்க ஸ்டூடென்ட் அம்மா. சும்னே ஏன் எல்லாத்தையும் தலையில போட்டுக்கறீங்க? ஆள நேத்தே மாத்தியாச்சு."

"நேத்தேவா? இந்த மீட்டிங் இன்னிக்குத்தானே சார்?"

"காண்ட்ராக்டர் பண்ணிட்டாரு. எங்கிட்ட கேட்டுட்டா பண்ணாரு?" என்றார். என் கம்ப்யூட்டரையும் கழற்றி எடுத்துப் போகச் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். காண்ட்ராக்டருக்கு மூன்று மெயில் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஃபோன் செய்தபோது அவர் அலுவலகத்தில் ஒரு பெண், எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றார்.

ப்ரோக்ராமில் அந்தச் சோதனையைச் சேர்க்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. பதினோரு வரி. எழுதி முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றேன். யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருந்தது. லேபில் யாரும் இல்லை.

கைடு கோபப்படவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை வரைக்கும் உள்ள டேட்டா போதும், அதற்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடு என்றார். நடந்ததை ஒரு பகுதியாக எழுதலாம் என்றேன். "என்ன பகுதி? சென்சாரை ஒருத்தர் தண்ணில போட மறந்துட்டாரு. இதுல ஆராய்ச்சி எங்க இருக்கு?" என்றார். நான் வாதாடினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கட்டுரை ஐந்து வார வரைபடத்தோடு போனது, வெளியேயும் வந்தது. மின்சாரம் மிச்சமானது பற்றி அதில் அழகான ஒரு படம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, எங்கள் துறையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் அடித்துக் கைடிடம் கையெழுத்து வாங்கி, ஆனேக்கல்லுக்குப் பஸ்ஸில் போனேன். ஆபரேட்டர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்புமுன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் பார்க்கலாம் என்றிருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். ஆங்கிலம்; மெதுவாகப் படித்தார்.

"இத யாருகிட்ட காட்டறது மேடம்?"

"உங்க பழைய காண்ட்ராக்டர்கிட்ட. உங்க மேல தப்பு இல்லன்னு எழுதியிருக்கு."

"தப்பு யாருதுன்னு அவரு கேக்கவே இல்லியே. ஆள மாத்துனா அபார்ட்மென்ட்காரங்க சத்தம் போடமாட்டாங்க, மாத்துனாரு."

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கடிதத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "சனிக்கெழம உங்களுக்கு ஃபோன் பண்ணேன்ல மேடம். தண்ணி கலர் மாறுதுன்னு சொன்னேன். அது இதுல எங்க இருக்குது?" என்றார்.

எங்கேயும் இல்லை. கூட்டத்தில் சொன்னவள்தான், கடிதத்தில் விட்டிருந்தேன். கருவிக் கோளாறு, தனிப்பட்டவர் பொறுப்பல்ல என்றெல்லாம் சுத்தமாக எழுதியிருந்தேன். பேனாவை எடுத்து, கைடின் கையெழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், சனிக்கிழமை மதியம் அவர் கூப்பிட்டு எச்சரித்தார், நான் கேட்கவில்லை என்று தமிழில் எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். அவர் அதை வாய்க்குள் படித்தார். மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஓசூர் பஸ் வந்ததும், "வரேன் மேடம்" என்று ஏறிக்கொண்டார்.

ஆய்வேட்டில் அந்த மூன்று நாளைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். கைடு பென்சிலால் அடித்தார். மறுபடி சேர்த்தேன். மறுபடி அடித்தார். மூன்றாவது முறை அலுத்துப்போய் விட்டுவிட்டார். வாய்மொழித் தேர்வில் வெளியில் இருந்து வந்த தேர்வாளர் இரண்டு மணி நேரம் என்னைக் கணிதத்தில் மட்டும் கேள்வி கேட்டார். அந்தப் பக்கங்களுக்கு வந்தபோது, "இது ஏதோ ஃபீல்டு ப்ராப்ளம்போல" என்று சொல்லி, நான்கையும் சேர்த்துப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.