காலியாக வந்த தண்ணீர் பாட்டில்

என் தங்கை ஜைபா ஒன்பது வயதுக்குள் எதையெல்லாம் வென்றாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்தில் ஒன்றே கால் கிலோ எடையில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் முப்பத்தாறு நாள் கிடந்து, உயிரோடு வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் கன்னடம் எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் புத்தகத்தைப் பார்த்தே அந்த எழுத்துகளை முழுசாகக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் வகுப்பில் நாற்பத்தொரு நாள் பள்ளிக்குப் போகவில்லை, ஆனாலும் கணக்கில் அவள்தான் முதல் மார்க். நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு இரண்டுக்கும் தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்தாள்.

கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே பெரியது. அது எப்படி நடந்தது என்று எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுக்கா. ஆனா உன்னப் பத்தியும் மறைக்காம எழுது" என்றாள். சரி என்றேன்.

என் பெயர் அதியா. பத்தாவது வரை படித்தேன். ஓசூர் சிப்காட்டில், கார்களுக்கு உள்ளே பொருத்தும் எலக்ட்ரானிக் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் ஐந்து வருடமாக குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். எங்கள் அத்தா, அதாவது அப்பா, நசீருதீன் ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து ஓசூருக்குத் தக்காளி ஏற்றிவரும் மினி லாரி ஓட்டுகிறார். வழியில் சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்டது என்று தகவல் வந்தால் அன்றைக்கு வண்டியை ராயக்கோட்டையிலேயே போட்டுவிட்டு அத்தை வீட்டில் தங்கிவிடுவார். ஆகவே வீட்டுக் காரியங்களை அம்மாவும் நானுமே பார்த்துக்கொள்வோம்.

2024 ஜூன் மாதம் ஜைபாவைப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். ஜூலையில் முதல் காய்ச்சல் வந்தது. அடிவயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், சரியானது. ஆகஸ்டில் மறுபடி வந்தது. செப்டம்பரில் மூன்றாவது முறை வந்தபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரே பிழை மூன்று போர்டில் வந்தால் அது தற்செயல் இல்லை, லைனில் எங்கேயோ ஒருவர் தப்பாகச் செய்கிறார் என்பது என் வேலையில் முதல் பாடம்.

அந்த ஒருவரைத் தேட ஆரம்பித்தேன். முதலில் பள்ளித் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டேன். வார லீவு நாளில் போய் மூடி இருக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். மூடி இருந்தது. இருந்தாலும் நம்பாமல் வீட்டிலிருந்தே ஒரு லிட்டர் பாட்டிலில் காய்ச்சிய தண்ணீர் கொடுத்தனுப்பினேன். அடுத்து சத்துணவு முட்டையைச் சந்தேகப்பட்டேன். பிறகு கழிவுநீர் கலக்கிற கெலவரப்பள்ளி அணைப் பக்கமிருந்து வரும் கீரையை. கீரைக்கார அம்மாவிடம் எந்தத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்று நாலு தரம் கேட்டதில், "உன் தங்கச்சிக்கு நான் என்ன விஷமா வெச்சேன்? போய் கோஸ் வாங்கித் தின்னுங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை எங்கள் வாசலில் அவர் நிற்பதில்லை.

நான்காவது முறை வந்தபோது பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவர் ஜைபாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"தண்ணி நல்லா குடிக்கிறாளா?"

"ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுபோறா டாக்டர். சாயந்திரம் காலியா வருது. தெனமும் நானே தொறந்து பாக்கறேன்."

"சரியா பாத்தீங்களா?"

"என் வேலையே பாக்கறதுதான் டாக்டர்."

அவர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னார்: "இப்படியே திரும்பத் திரும்ப வந்தா கிட்னியத் தொடும். காரணத்தக் கண்டுபிடிங்க." ஜைபா என் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவள் பையைச் சோதித்தபோது அடி அறையில் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய ஒரு ஜட்டி இருந்தது. ஈரம். ஏன் என்று கேட்டேன், பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வினிதா என்ற பெண் இப்போது வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்பதும் தெரிந்தது. யாராவது மிரட்டுகிறார்களா, அடிக்கிறார்களா என்று நோட்டம் விட்டேன். டீச்சரைச் சந்தேகப்பட்டேன். வினிதாவைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் ஜைபாவையே சந்தேகப்பட்டேன். பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாளோ என்று இரண்டு அக்குளிலும் தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் நூற்று ஒன்று காட்டியது.

அக்டோபர் கடைசியில் வகுப்பு டீச்சர் அருணா என்னை வராந்தாவில் ஓரமாக அழைத்தார். "லீவு ரொம்ப ஆயிடுச்சும்மா. இப்படியே போனா பேர எடுத்துட்டு டி.சி. குடுத்துடுவாங்களோன்னு இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." ஏன் சொல்லக்கூடாது? யார் எடுக்கச் சொன்னது? வீடு வரும்வரை இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னதும், "பேர எடுத்துட்டா ராயக்கோட்டைல உங்க அத்தை வீட்டுல விட்டுடலாம். அங்க எப்பவாவது பள்ளிக்கூடம் போகட்டும்" என்றார். எப்பவாவது போகிற பள்ளிக்கூடம் எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். நானும் பத்தாவதில் அப்படித்தான் எப்பவாவது போனேன். ஜைபா அன்று முழுக்க அம்மாவிடம் பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பள்ளியிலிருந்து அந்த ஃபாரம் வந்தது. நர்சிங் கல்லூரி மாணவிகள் சின்னப் பிள்ளைகளின் உடல்நலமும் அன்றாட வாழ்க்கையும் எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்கிறார்கள் என்று ஒரு கடிதம் கூட இருந்தது. பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும் என்று போட்டிருந்தார்கள். பெற்றோருக்கு ஒரு ஃபாரம். பிள்ளைகளுக்கு வேறு ஃபாரம், அதை வகுப்பிலேயே நிரப்பச் சொல்வார்களாம். எங்கள் ஃபாரத்தில் இருபத்து மூன்று கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் பிள்ளைக்கு ஓடுவது சிரமமாக இருந்ததா? தூக்கம் கெட்டதா? பயந்ததா? மற்ற பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளவில்லையா? பாடத்தை மறந்ததா? வீட்டில் எத்தனை பேர் ஒரே அறையில் தூங்குகிறீர்கள்?

"இதெல்லாம் என்னாத்துக்கு இவங்களுக்கு?" என்றார் அம்மா.

எனக்கும் அதே கேள்விதான். நோயுள்ள பிள்ளைகளைப் பொறுக்கி வெளியே அனுப்பத்தான் இது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. எங்கள் லைன் வீடுகள் ஒன்பதிலும் எந்த ஃபாரம் வந்தாலும் நிரப்புவது நான்தான். அதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியில் சேரும்போது மெடிக்கல் ஃபாரம் கொடுப்பார்கள். வீசிங் உண்டா, வலிப்பு உண்டா, முதுகு வலி உண்டா என்று கேட்டிருக்கும். உண்மையை எழுதிய இரண்டு பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வரிசையில் எல்லாருக்கும் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'தான். ஜைபாவுக்கும் இருபத்திரண்டு கேள்விகளுக்கு 'ஒருபோதும் இல்லை' என்று டிக் அடித்தேன். தூங்குகிறவர்கள் எண்ணிக்கையை மட்டும் நாலிலிருந்து இரண்டாகக் குறைத்து எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து, நான் முதல் ஷிப்ட் முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கதவைத் தட்டினாள். வெள்ளைக் கோட்டு, கையில் பைல். பெயர் சுசித்ரா என்றாள், அந்த நர்சிங் கல்லூரியில் கடைசி வருடம். நான் கதவை முக்காலும் சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து அம்மா, "கரண்ட் மீட்டர் பாக்கறவங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, நம்மள மீட்டர் பாக்க வந்திருக்காங்க."

சுசித்ரா அதைக் கண்டுகொள்ளவில்லை. "வீட்டு ஃபாரத்துல எல்லாம் நல்லாருக்குன்னு போட்டிருக்கீங்க அக்கா. பாப்பா ஃபாரம் வேற மாதிரி இருக்கு. அதான் நேர்ல பேசலாம்னு..."

"பேரே வேணாம்னு சொன்னீங்க. வீடு மட்டும் எப்டி தெரிஞ்சுது?"

"நம்பருக்குண்டான பேரு எங்க புரொபசர்கிட்ட மட்டும் இருக்கு. பிள்ளைக்கு ஆபத்துன்னு பட்டா மட்டும் பாப்பாங்க. லெட்டர்ல கடைசில இருந்துச்சே."

கடிதத்தை எடுத்து வந்து பார்த்தேன். கடைசியில், சின்ன எழுத்தில், அவள் சொன்னபடியே இருந்தது. அந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

"பாப்பா என்ன போட்டாள்னு அவ சம்மதம் இல்லாம நான் காட்டக்கூடாது" என்றாள் சுசித்ரா. அதற்குள் பள்ளி விட்டு வந்த ஜைபா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "காட்டுங்கக்கா. நான் போட்டதுதான" என்றாள்.

பிள்ளைகளின் ஃபாரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று முகங்கள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். ஜைபா பதினோரு அழுகிற முகங்களில் வட்டம் போட்டிருந்தாள். காலையில் நாலரை மணிக்கு என் அலாரம் அடிப்பதற்கு ஒன்று. வினிதா இடம் மாறியதற்கு ஒன்று. பள்ளியில் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பேன் என்பதற்கு எதிரே பேனா அழுந்திக் காகிதமே கிழிந்திருந்தது.

"இது பொய்" என்றேன். "பாட்டில் தெனமும் காலியா வருது."

"கை கழுவற எடத்துல ஊத்திடுவேன். அப்டியே கொண்டாந்தா அம்மா திட்டுமே."

"குடிக்கறதுக்கு என்ன உனக்கு?"

ஜைபா என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீதானக்கா குடிக்காதன்னு சொன்ன."

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அவளே சொன்னாள். பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பெரிய பிள்ளைகள் தள்ளித் திறந்து சிரிக்கிறார்கள் என்று என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அப்போது நான் செய்தது இதுதான். கம்பெனியில் எங்கள் லைனில் இருபது பெண்களுக்குப் பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். அது கைக்கு வர ஒரு மணி நேரமும் ஆகும். அதனால் ஷிப்ட் தொடங்கினால் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். உதட்டை நனைத்துக்கொண்டு ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வோம். புதிதாகச் சேரும் பெண்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். அதையே ஜைபாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "எங்க கம்பெனில இத்தன பேர் இருக்கோம், யாராச்சும் செத்தா போயிட்டோம்? ரெண்டு நாள்ல பழகிடும்" என்று, சாமர்த்தியம் சொல்லித்தருகிற மாதிரி. பையில் இரண்டு மிட்டாயும் போட்டிருக்கிறேன். அவள் என்னை நம்பி ஐந்து மாதம் அதைத் தவறாமல் செய்திருக்கிறாள். அடக்க முடியாமல் போன நாளில் நனைந்ததுதான் அந்த ஜட்டி. வினிதா பெஞ்சு மாறியதும் அதனால்தான்.

டாக்டரிடம் நான் சாட்சி சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

சுசித்ரா ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். ஜைபாவின் உடம்பு நிலையையும் அதன் காரணத்தையும் தலைமை ஆசிரியரிடமும் டாக்டரிடமும் சொல்ல அனுமதி கேட்கும் காகிதம்.

"இத சொல்லப்போயி, சீக்குப் புள்ளன்னு பேர எடுத்துட்டா?" என்றார் அம்மா. "பேசாம தண்ணி குடிச்சிட்டு கம்முனு இருக்கட்டும்."

"குடிச்சா போகணும்ல அம்மா" என்றாள் ஜைபா. "கதவு அப்டியேதான இருக்கு."

நான் சுசித்ராவிடம் கேட்டேன். "பேர எடுக்க மாட்டாங்கன்னு சொல்ல முடியுமா உங்களால?"

"முடியாதுக்கா. எடுக்கக் கூடாதுன்னு எங்க புரொபசரோட போயி பேச முடியும். அவ்ளோதான்."

முடியும் என்று சொல்லியிருந்தால் அவளை வெளியே அனுப்பியிருப்பேன். முடியாது என்றதால் நம்பினேன். அம்மாவிடம், "கையெழுத்து போடும்மா" என்றேன். அம்மா அத்தாவுக்குப் போன் செய்தார். சானமாவில் யானை, நாளைக்குத்தான் வருவேன் என்றார் அத்தா. நாளைக்குப் பார்க்கலாம் என்று அம்மா போனை வைத்தார். அப்போது ஜைபா பாத்திர மேடைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே முழுக்கக் குடித்துவிட்டு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். "நாளைக்கும் ஸ்கூல் இருக்கும்மா" என்றாள். அம்மா பேனாவை வாங்கினார்.

பெயரை யாரும் எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் எங்களையே திருப்பிக் கேட்டார். அப்படி ஒரு பேச்சு இருந்ததா, அருணா டீச்சரே பயந்து சொன்னாரா என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. தாழ்ப்பாள் ஜனவரியில் வந்தது. ஆனால் பேனாவை வாங்கிய அந்த நேரத்தில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

அம்மா போட்டதும் சுசித்ரா காகிதத்தை எடுக்கப் போனாள். ஜைபா அதன் மேல் கையை வைத்தாள். கீழே இன்னொரு கோடு இருந்தது, 'பிள்ளையின் சம்மதம்' என்று.

"இது எனக்கா?"

"ஆமா பாப்பா. உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும்தான். இல்லன்னா அம்மா போட்டதும் செல்லாது."

"பேருக்கு முன்னாடி அத்தா எழுத்து போடணுமா?"

"போடலாம்" என்றேன்.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கையால் காகிதத்தை அழுத்திப் பிடித்து, ந. ஜைபா என்று கோட்டைத் தாண்டாமல் எழுதினாள். பக்கத்தில் தேதி கேட்டிருந்தார்கள். காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து அதையும் அவளே எழுதினாள்: 27.11.2024, புதன்கிழமை.