புருவமில்லாத நிர்வாகி

தாய்லாந்தின் கோராட் நகரத்துக் கோழித்தீவனக் கம்பெனியில் கோப் அக்காவைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. எந்தக் கணினி முரண்டு பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கோப் என்றால் தவளை. பிறந்ததும் கத்தின கத்தலுக்கு அப்பா வைத்த செல்லப்பெயர், நாற்பத்தைந்து வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. புட்சபா என்ற பதிவுப்பெயர் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்தப் புட்சபாதான் தன் கஷ்டத்துக்கெல்லாம் காரணம் என்று போன மாதம் கோப் கண்டுபிடித்தாள். ஒரே வருடத்தில் கால் உடைந்தது, கூரையில் மாமரம் விழுந்தது, புருஷன் ஓடிப்போனான். கடைசியாகச் சொன்னதை நல்லது என்றே ஊர் நினைத்தது, ஆனாலும் கணக்குக் கணக்குதானே. பெயர் பார்க்கும் பெரியவர் உதட்டைப் பிதுக்கி, "செவ்வாய்க்கிழமை பொறந்தவளுக்கு இந்த எழுத்து ஆகவே ஆகாதும்மா" என்றார். கோப் நேராக மாவட்ட அலுவலகம் போய் சன்யாபத் ஆனாள்.

புதுப்பெயரை அடையாள அட்டையில் மட்டும் வைத்துக்கொண்டால் அவளுக்கு ஆறுமா? அன்று காலை வந்த வேகத்தில், கம்பெனிக் கணினிகள் எல்லாவற்றிலும் தன் பெயரைத் தானே மாற்றினாள். பழைய பெயரைத் தேடித்தேடி அழித்தாள், கரப்பான்பூச்சியை அடிக்கிற மாதிரி. பிறகு நிம்மதியாகக் காபியை உறிஞ்சிக்கொண்டு, தலைமை அலுவலகம் புதிதாக வாங்கித் தந்திருந்த செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறந்தாள்.

"மன்னிக்கவும், சன்யாபத். இதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் நிர்வாகி புட்சபாவை அணுகவும்" என்றது அது.

பக்கத்து மேசைத் தேங் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவள் வாயிலிருந்த ஒட்டரிசிச் சோறு தெறித்தது. "அக்கா, போய் புட்சபாவப் பாருங்கக்கா! கோவக்காரின்னு கேள்வி, கையில ஏதாவது வாங்கிட்டுப் போங்க."

"வாய மூடுடி."

கோப்புக்குச் சிரிப்பு வரவில்லை. யார் கடவுச்சொல்லை மறந்தாலும், யாருக்கு எந்தக் கதவைத் திறந்துவிட வேண்டுமானாலும் இனி அந்த உதவியாளர் வழியாகத்தான். அதைப் பார்க்க மத்தியானம் பாங்காக்கிலிருந்து இயக்குநர் விரோஜ் வருகிறார். "உங்களால இத ஓட்ட முடியலன்னா சொல்லிடுங்க, உங்க பிரிவையே பாங்காக்குக்கு மாத்திடலாம்" என்று அவர் தேன் தடவித்தான் சொல்லியிருந்தார். பாங்காக் போனால் கோப்புக்கு அம்மா கிடையாது, வீடு கிடையாது, காரமான பப்பாளிக்காய்ச் சோம்தாம் கூடக் கிடையாது.

"பழைய பேரையே திரும்பப் போட்டுருங்கக்கா, இன்னிக்கு ஒரு நாள்தானே?" என்றாள் தேங்.

"அந்தப் பேரையா? எங்கையாலயா? தலையே போனாலும் மாட்டேன்."

பிடிவாதத்துக்கு மருந்து ஏது. ஆனால் இன்னொரு வழி இருந்தது. நிர்வாகி ஒருவருக்கு இருவராக இருக்க வேண்டும் என்பதால், மீ என்கிற உதவிப் பையனையும் அவள் சேர்த்திருந்தாள். அவன் தன் கம்பெனிப் போனில் ஒரு தட்டுத் தட்டிப் புதுப்பெயருக்கு ஒப்புதல் கொடுத்தால் போதும். மீ என்றால் கரடி. ஆளும் அப்படித்தான், உடம்பெல்லாம் முடி.

ஆள்தான் அலுவலகத்தில் இல்லை. அந்த ஊர் ஆண்களின் வழக்கப்படி கொஞ்ச நாள் துறவு விடுப்பு எடுத்துக்கொண்டு பிக்குவாகி மடத்தில் இருந்தான். அம்மாவுக்குப் புண்ணியம் சேர்க்கப் போகிறேன் என்றுதான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தான். காதலி கைவிட்டதிலிருந்து அச்சு இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தவன் ஏன் போகிறான் என்று அலுவலகத்துக்கே தெரியும். போகும்போது போனை கோப்பிடம் கொடுத்து, "இத எங்கண்ணுல காட்டாதீங்கக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

கோப் அந்தப் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தாள்.

மடத்து அரசமரத்தடியில் காவி உடுத்திய ஒருவர் இலை பெருக்கிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை, மழித்த புருவம். கோழிக்குஞ்சு மாதிரி இருந்த அவர்தான் மீ என்று தெரிந்துகொள்ள கோப்புக்குச் சற்று நேரம் பிடித்தது.

"டேய் மீ!" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டாள். "சாமி... மன்னிச்சுக்குங்க சாமி. ஒரு சின்ன வேல."

விஷயத்தைக் கேட்டு மீ தலையசைத்தான். பெண் கையிலிருந்து பிக்கு எதையும் நேராக வாங்கக்கூடாது. அவன் துணியை விரிக்க, அவள் போனை அதன்மேல் வைத்தாள். முகத்தைக் காட்டினால் போன் திறக்கும். மீ காட்டினான். திறக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக் காட்டினான், சிரித்துக் காட்டினான். முகம் பொருந்தவில்லை என்றே சாதித்தது போன்.

"புருவம் இல்லல்ல, அதான்" என்றான் மீ.

கோப் பையிலிருந்த கண்மையை எடுத்தாள். "வரஞ்சு விடவா?"

"ஐயோ அக்கா, தள்ளிப் போங்க! பெரிய சாமி பாத்துட்டா என்னத் தொரத்திருவாரு!"

"அப்ப பூட்டு எண்ணப் போட்டுத் திறங்க சாமி."

மீ துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது அவ பொறந்த தேதிக்கா. அத மறக்கத்தான் இங்க வந்தேன். மறந்தும் போச்சு. நேத்துதான் பெரிய சாமிகிட்ட சந்தோஷமாச் சொன்னேன்."

கோப்புக்குத் தன் பிடிவாதம் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் பாங்காக் கண்முன் வந்து நின்றது. "மறந்துட்டா சரி சாமி," என்று இழுத்தாள். "நான் பாங்காக் போயிருவேன். அவ்வளவுதான்."

மீ பெருமூச்சுவிட்டுப் போனை எடுத்தான். கட்டைவிரல் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. தட்டுத்தட்டென்று ஆறு எண்ணையும் போட்டது. போன் திறந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"மறந்துட்டேன்னீங்களே?"

"மனசு மறந்துருச்சுக்கா. விரலுக்குச் சொல்லாம விட்டுட்டேன்" என்று மீ சிரிக்கப் பார்த்தான். ஒப்புதலைத் தட்டிவிட்டு, போனைக் கவிழ்த்துத் துணியில் வைத்தான். கண் கலங்கியிருந்தது. பாழாய்ப்போன அந்தப் பழைய பெயரை ஒரு நாளைக்கு எழுதித் தொலைத்திருக்கக்கூடாதா என்று கோப் வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

விரோஜ் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உதவியாளர் சமர்த்தாகத் திறந்து, "வாருங்கள் சன்யாபத்" என்றது.

"எங்க, ஏதாவது வேல சொல்லுங்க, பாப்போம்."

கோப் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தட்டினாள்: மீயின் கம்பெனிப் போனில் இப்போதுள்ள பூட்டு எண்ணை நீக்கு. அவர் திரும்பி வரும்போது புதிதாக ஒன்றைக் கேள். பழைய எண்ணை இனி எக்காலத்திலும் ஏற்காதே.

"செய்துவிட்டேன்" என்றது உதவியாளர்.

"பரவால்லயே! ஆனா ஏன் அந்த எண்ண மாத்தறீங்க? கம்பெனிக்கு அதனால ஏதாவது ஆபத்தா?"

"கம்பெனிக்கு ஒண்ணுமில்ல சார்" என்றாள் கோப்.