மங்கையக்கா நிறுத்திய கார்

மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. "மாமா, அம்மா விடியக்காலமை எங்களை விட்டுப் போயிட்டா" என்றாள் மங்கையக்காவின் மகள். அப்போது என் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்துத் தோட்டத்தில் அக்காவின் சோலர் பம்ப் இறைத்த தண்ணீர். அடுத்த பாத்திக்கு மாற்ற எனக்குக் கை வரவில்லை.

எங்கள் அக்கராயன் ஊரில் அவரை அறியாதவர் இல்லை. ஆனால் ஓர் எண்ணெய் நாட்டில் அவர் வீட்டு வேலை செய்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. போர்க்கால எரிபொருள் தடையில், கண் மருந்துப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். அங்கே முதலாளி, காரை வாசலில் ஓடவிட்டபடி உள்ளே வந்து கோப்பி குடிப்பாராம். ஒருநாள் அக்கா பொறுக்கமாட்டாமல் போய்த் திறப்பைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஏசி நின்று கார் சூடாகிவிட்டதென்று முதலாளி குதித்தாராம்.

"தண்ணியை விட மலிவு, உனக்கென்ன எண்டு கேட்டார். எனக்கு நெஞ்சு பதறினது அவருக்கு எப்பிடி விளங்கும்?" என்று சிரிப்பார்.

பிறகு அந்த நாட்டுப் பாலைவனத்தில் சூரியத் தட்டுகள் வந்தன. மின்சாரத்துக்காக எரித்த எண்ணெயை வெளிநாட்டுக்கு நல்ல விலைக்கு விற்கலாம் என்றானதும், உள்ளூரில் அதை மலிவாகக் கொடுக்க அரசுக்கு மனம் வரவில்லை. பெற்றோல் விலை ஏறியது. "அண்டைக்கு முதலாளி தானே இறங்கிக் காரை நிப்பாட்டினார். நான் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான்." கூரைத் தட்டால் மின்கட்டணம் மிச்சமான முதலாளி சமாளித்தார். வாடகைக் கார் ஓட்டிய எங்கள் ஆட்களுக்கோ வயிற்றில் அடி. எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர், ஒரு வாசலைப் பார்த்தே இவ்வளவையும் பிடித்துக்கொண்டாரே என்று எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இங்கே மண்ணெண்ணெய் விலை ஏறப்போவதாகக் கதை வந்தபோது, ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புச் செயலாளர் என்ற முறையில் "விலையைக் கூட்டாதீர்கள்" என்று அரசுக்கு மனு எழுதினேன். என் மிளகாய் முழுவதும் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெஷினை நம்பியே நின்றது. அக்கா கையெழுத்துப் போட மறுத்தார்.

"சோலர் பம்ப் வைச்சிருக்கிற நீங்கள் கதைப்பியள்தானே" என்று சீறினேன்.

"ஓம் தம்பி, அதைத்தான் சொல்லுறன். கூட்டட்டும். ஆனா முதல் எல்லாருக்கும் பம்ப் தாங்கோ, பிறகு கூட்டுங்கோ எண்டு எழுதுங்கோ. வெயில் எல்லாற்ர தலையிலயும் அடிக்குது. தட்டு என்னட்டை மட்டும்தானே கிடக்கு."

நான் எழுதவில்லை. மனு போனது, விலையும் ஏறியது. என் மெஷின் நின்று, கன்றுகள் வாடத் தொடங்கின. மூன்றாம் நாள் வேலியால் பைப்பை இழுத்துக்கொண்டு அக்கா வந்தார். "எழுதாட்டிப் போங்கோ. இதைப் பிடியுங்கோ." என் மிளகாய் தப்பியது. வெட்கத்தில் நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

சுடலைக்குக் கொண்டுபோக வந்த வாகனம் வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. உள்ளே தேவாரம் முடியவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "அண்ணை, நிப்பாட்டுங்கோ. அக்கா பொறுக்கமாட்டா." சாரதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் நிறுத்தினார்.

அடுத்த விலையேற்றத்துக்கு முன் போகட்டுமென்று, மறுநாள் மனுவைத் திருத்தி எழுதினேன். "முதல் எல்லாருக்கும் பம்ப் தாருங்கள், பிறகு விலையைக் கூட்டுங்கள்." அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த வரிதான். கையெழுத்துக்கு உங்களிடம் வருவேன். முதலாவது இடம் வெறுமையாக இருக்கும். அதில் யாரும் போடவேண்டாம்.