ஹீட்டரில் வெட்டிய பேர்

மக போன் பண்ணினப்ப காலை ஆறரை இருக்கும். "அப்பா, பாத்ரூம் குழாயைத் தொட்டதும் ஷாக் அடிச்சிருச்சுப்பா. கை இன்னும் மரத்துப்போயிருக்கு. நீங்க குடுத்த ஹீட்டர்லதான் ஏதோ கோளாறு."

தூத்துக்குடியில அவளைக் கட்டிக் குடுத்து ரெண்டு வருசம் ஆகுது. இப்ப அஞ்சு மாசம் முழுகாம இருக்கா.

"இன்னைக்குத்தான் அடிச்சுதா?"

"ஒரு மாசமாவே லேசா சுர்ருங்கும்ப்பா. இன்னைக்குத்தான் இம்புட்டு."

ஒரு மாசமா! அந்த வீட்டுல ரெண்டு ஆம்பளைக இருக்காக. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரலையா? அதுக்குள்ள சம்பந்தியம்மா போனை வாங்கித் தேனொழுகப் பேசுறாக. "அது உங்க சீர் சாமான்ல்ல சம்பந்தி? உங்களைக் கேக்காம நாங்க கை வச்சா மரியாதையா இருக்காதுல்ல?"

மரியாதையாம் மரியாதை! எம்மக உசுரு போனதுக்கப்புறம் மாலை போட்டு மரியாதை பண்ணுவாகளாக்கும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பொண்ணைக் குடுத்தவன்ல, முழுங்கிட்டேன். "வாரேம்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

போனை வச்சதும் திருநகர் முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினேன். எம்பொண்டாட்டி அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. "வாயில என்ன கொழுக்கட்டையா? உம்மகளுக்குத்தானடி ஷாக் அடிச்சிருக்கு?"ன்னேன். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சீக்கிரம் கெளம்புங்க"ன்னா. அம்புட்டுத்தான்.

ஹீட்டர் வாங்கின கடை திறந்ததும் முதல் ஆளாப் போயி நின்னேன். "ரெண்டு வருசத்துல ஷாக் அடிக்கிறதுக்குப் பேரு ஹீட்டரா?" கடைக்காரர் அசரலை. "அண்ணே, கடக்கரை ஊருக்குப் போகுதுன்னு சொன்னீங்களா? உப்புக்காத்துக்குத் தகர பாடி சரிப்படாது. பிளாஸ்டிக் பாடி எடுங்க." சொல்ல வேண்டியது நானாம்! வாய்ச்சண்டை போட நேரமில்ல. அதையே வாங்கிக்கிட்டு மாட்டுத்தாவணியில பஸ் ஏறினேன். பெட்டியை எங்க வைக்கிறதுன்னு கண்டக்டர்கிட்டயும் ஒரு சண்டை. கடைசியில மடியிலதான் வச்சுக்கிட்டுப் போனேன்.

அங்க போயி நானே தெருத்தெருவா விசாரிச்சு ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்தேன். பழைய ஹீட்டரைக் கழட்டித் தரையில வச்ச ஆளு, துருவைத் துடைச்சுப் பாத்துட்டு என்னை நிமிந்து பாத்தாரு.

"அண்ணாச்சி, இதுல யாரு இப்படிக் கீறி வச்சது?"

நான்தான். வேற யாரு? கல்யாணத்துக்கு வாங்கின அண்டா, குண்டா, குடம் எல்லாத்துலயும் பேர் வெட்டும்போது ஹீட்டரையும் பாத்திரக் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். "அண்ணே, இது கரண்ட்டு சாமான், பெயிண்ட் போயிரும்"னு பேர் வெட்டுறவரு தயங்கினாரு. "அட வெட்டுய்யா! நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரகளே வாங்கினதுன்னு சொல்லிட்டா?"ன்னு அதட்டி, எம்பேரு, ஊரு, மக பேருன்னு மூணு வரி வெட்ட வச்சேன். கல்யாண மண்டபத்துல அந்தப் பக்கம் தெரியிற மாதிரித்தான் அடுக்கியும் வச்சேன்.

இப்ப அந்த மூணு வரியும் ஓட்டை ஓட்டையா இருக்கு. எம்பேருல ஒரே ஒரு எழுத்து மிச்சம். "பெயிண்ட் போன இடத்துல உப்புக்காத்து அரிச்சிருக்கு அண்ணாச்சி. ஓட்டை வழியா ஈரம் இறங்கி வயர் கெட்டுப்போச்சு. அதான் ஷாக்கு"ன்னாரு மெக்கானிக்கு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்போல இருந்துச்சு. அந்தக் கோபத்தையும் மாப்பிள்ளை மேலதான் காட்டினேன். "ஏன் மாப்ள, நீங்களாவது ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

அவரு முழிச்சாரு. "அதுல உங்க பேரு இருக்குல்ல மாமா?"

புது ஹீட்டரை மாட்டி முடிச்சதும் சம்பந்தியம்மா வந்தாக. குழாயைத் திறந்து, தண்ணி சுடுதான்னு விரலை வச்சுப் பாத்தாக. அதுக்கப்புறம்தான் "உக்காருங்க சம்பந்தி, காப்பி போடுறேன்"னாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. காப்பியைத் தொடாம கெளம்பினேன்.

வாசல் வரைக்கும் மக வந்தா. "புதுசுல பேர் வெட்டலைல்லப்பா?"

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு. இந்த வீட்டுல ஃபேன் கெட்டா அவரே கழட்டி மாட்டுவாரு. உங்க பேர் வெட்டின சாமான் கெட்டாத்தான் எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டலை. "மனுசங்களாடி அவுக? வயித்துப் புள்ளக்காரி குளிக்கிற தண்ணிக்கு யாரு வீட்டுச் சாமான்னா பாப்பாக? காசில்லையா, ஆளில்லையா? நான் போயி நிக்கணுமாம்! வேலை முடிஞ்சதும் விரலை விட்டுப் பாக்குறா அந்தம்மா!"

எம்பொண்டாட்டி அடுப்படிக்குப் போயி, பரண்ல கெடந்த வெந்நீர் அண்டாவை இறக்கியாந்து என் முன்னால வச்சா. பித்தளை அண்டா. கழுத்துல எம்மாமனார் பேரு வெட்டியிருக்கு. அடியில ஓட்டையை அடைச்சுப் பத்து வச்ச தடம்.

"இது ஒழுகினப்ப உங்க மக என் வயித்துல இருந்தா. 'உங்கப்பன் பேரு போட்டதுதான, உங்கப்பனையே வந்து பாக்கச் சொல்லு'ன்னீங்க. திருமங்கலத்துல இருந்து பஸ்ல வந்து தூக்கிட்டுப் போயி, பத்து வச்சுத் திரும்பத் தூக்கியாந்தாரு. ஞாபகம் இருக்கா?"

இருந்துச்சு. அவரு வேர்வையோட வாசல்ல நின்னாரு. நான் அண்டாவை வாங்கி, குழாயடியில வச்சுத் தண்ணி ரொப்பி, ஒழுகுதான்னு குனிஞ்சு பாத்தேன். ஒழுகலைன்னதும்தான் அவரை உள்ள வந்து உக்காரச் சொன்னேன்.